மூலை மடிப்பு

ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஒன்றாகப் படுக்கை விரித்தவர்கள் அந்த இரண்டு பேரும். ரிட்டயர் ஆனதும் நட்சத்திர ஓட்டலில் மகாராணி மாதிரி தங்க வேண்டும், ஒரு துணியைக்கூட மடிக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். கிளம்புவதற்குள் எழுபது ஆகிவிட்டது. சிநேகிதிக்கு ஞாபகமும் தப்ப ஆரம்பித்திருந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றுதான் இவள் பிடிவாதமாகக் கூட்டி வந்தாள்.

முதல் நாள் காலை சிநேகிதி குளிக்கப் போயிருந்தாள். இவள் கை சும்மா இருக்குமா? விரிப்பை உதறி, இழுத்து, மூலையை மடித்துச் செருகினாள். அந்த மூலைக்காக இவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமா? "ஏண்டி, இது மூலையா, எலி வளையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள் சிநேகிதி. இன்றைக்கும் அதைக் கேட்கலாம் என்று இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

குளித்துவிட்டு வந்தவள் மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா மடிச்சிருக்கீங்கம்மா. நீங்க கிளம்புங்க, என் ஃப்ரெண்டு இப்ப வந்துடுவா."

இவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பத் தட்டத்தான் தைரியம் வரவில்லை.