கிராஸ் என்று சொன்னது யார்

என் சித்தப்பா பொய் சொன்னார். வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை, மறந்துபோய்ச் சொன்னதும் இல்லை. வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்க, பதினோரு வயதுப் பிள்ளையான என்னைக் கைகாட்டிச் சொன்ன பொய். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எனக்கு ‘கிராஸ்’ என்று பெயர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே, இதிடம் ஒன்று சொன்னால் வேறொன்றைப் போய்ச் சொல்லும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மாமா சிரித்துக்கொண்டு சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். அப்பா வெளிநாட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். அம்மா ஜாக்கெட் தைப்பாள். முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போய்த்தான் கிடைக்கும். சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அந்த வருஷம் பொங்கலுக்கு வரும்போது ஒரு பழைய பிளாட்லாக் மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பனியன் துணி இழுத்தால் விரியும். சாதாரண மெஷினில் தைத்தால், இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். பிளாட்லாக்கில் தைத்தால் தையலும் சேர்ந்து விரியும். அதற்குத்தான் அந்த மெஷின்.

மெஷினை யாருக்குக் கொடுப்பது என்பதில் சிக்கல் இருந்தது. சித்தியின் தங்கை ஆலங்குடியில் இருந்தாள். அவள் கேட்டிருந்தாள். ஆனால் அண்ணன் வீடு இருக்க மச்சினிச்சிக்குக் கொடுத்தால் சொந்தம் பேசும். அதனால் சித்தப்பா எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முதல் உரிமை அண்ணிக்குத்தான் என்று அறிவித்தார். ஒரு மாதத்துக்குள் பைப்பிங் போடப் பழகிவிட்டால் மெஷின் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் போகட்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்க ரொம்ப நியாயமாக இருந்தது.

பைப்பிங் என்றால் கழுத்து, கை விளிம்பில் துணிப்பட்டி வைத்துத் தைப்பது. அதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. போல்டர் என்பார்கள். தகரத்தை வளைத்துச் செய்த புனல் மாதிரி இருக்கும். ஊசிக்கு முன்னால் இரண்டு திருகு போட்டு முடுக்கிவிட வேண்டும். ஒரு பக்கம் நீளமான துணிப்பட்டியை விட்டால், மறுபக்கம் அது இரு ஓரமும் உள்ளே மடிந்து வரும். அந்த மடிப்பின் வாயில் பனியனின் கழுத்து விளிம்பைக் கொடுத்தால், பட்டி அதைக் கவ்விக்கொள்ளும். ஊசி மேலே ஓடிவிடும். மடிக்க வேண்டாம், குண்டூசி வேண்டாம். சித்தப்பா தான் கொண்டுவந்த பட்டியை மாட்டி இரண்டு பனியனுக்குக் கழுத்தும் கையும் ஓட்டிக் காட்டினார். கால் மணி நேரம் ஆகவில்லை. பட்டியும் தீர்ந்துவிட்டது. தைத்த இரண்டையும், கம்பெனியில் மாதிரிக்குக் காட்ட வேண்டும் என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பார்த்துப் பழக ஒரு துண்டு மிச்சமில்லை.

ஊர்க் கபடி அணிக்குக் கை இல்லாத பனியன் பதினான்கு வேண்டும் என்று அணித்தலைவர் அண்ணன் கேட்டார். திருவரங்குளத்துப் பக்கம் ஒரு போட்டிக்குப் போவதற்கு. அம்மா சரி என்றாள். இருபது நாளில் ஜாக்கெட்டை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு பதினான்கையும் வெட்டி, தோளையும் பக்கத்தையும் மூட்டிவிட்டாள். மிச்சம் கழுத்து விளிம்பும் கை நுழைகிற விளிம்பும்தான்.

பட்டியை எப்படி வெட்டுவது என்று சந்தேகம் வந்தது. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கை காலியாக இல்லை. போன் போடச் சொன்னாள். நான் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேலேயே வைத்தேன்.

“சித்தப்பா, பட்டி எப்புடி வெட்டணும்னு அம்மா கேக்குது.”

“கிராஸா வெட்டச் சொல்லு.”

“கிராஸுன்னா, அம்மா மூலைக்கு மூலை மடிச்சு வெட்டும். அப்புடியா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் கம்பெனி இரைச்சல் மட்டும் கேட்டது.

“அதேதான் பாப்பா. அப்புடியே வெட்டச் சொல்லு.”

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சரி வைங்க தம்பி என்று அவளே சொல்லி போனை அணைத்தாள்.

ஜாக்கெட் தைக்கிற யாரிடமும் கிராஸ் என்று சொல்லிப் பாருங்கள். துணியை மூலைக்கு மூலை மடித்து, சாய்வாகத்தான் வெட்டுவார்கள். ஜாக்கெட் கழுத்துக்கு அதுதான் சரி. ஜாக்கெட் துணி இழுத்தால் விரியாது, அப்படி வெட்டினால்தான் வளையும். அம்மாவும் அப்படித்தான் வெட்டினாள். நுனியைக் கூராக நறுக்கி, போல்டரின் வாயில் விட்டு, இடுக்கியால் இழுத்து வெளியே எடுத்தாள். நாலு விரல்கடை ஓடியதும் பட்டி கயிறாக முறுக்கிக்கொண்டது. ஒரு ஓரம் வெளியே பிதுங்கியது. பிரித்தாள். திரும்ப ஓட்டினாள். திருகைத் தளர்த்திப் பார்த்தாள், முடுக்கிப் பார்த்தாள். போல்டரை இம்மி அளவு இடப்பக்கம் நகர்த்தினாள். பட்டியைக் கையால் இழுத்துப் பிடித்தாள். அப்போது இன்னும் மோசம். நாலு பனியன் கழுத்து, பிரித்துப் பிரித்தே ஓட்டையாகிவிட்டது. பதினைந்து வருஷமாகத் தைக்கிற கை. அந்தத் தகரத்துண்டு முன்னால் அது ஒன்றுமில்லாமல் போனது. சொன்னபடிதானே வெட்டினோம், தப்பு கையில்தான் என்று சித்தப்பாவிடம் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டாள்.

அணித்தலைவர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன அத்தாச்சி, எங்களுக்கு எல்லாருக்கும் ரவிக்கையா தைக்கிறீங்க?” என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கெடு முடிகிற சனிக்கிழமை காலையில் அம்மா துணி வாங்கக் கீரமங்கலம் போயிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மெஷினைத் தொடாதே என்று சொல்லியிருந்தாள். தொட்டேன். நல்ல துணியை எடுக்கப் பயம். பனியன்களின் அடிப்பக்கத்தைக் குறுக்காகச் சமமாக நறுக்கியபோது விழுந்த நீளமான கழிவுத் துண்டுகள் கோணிப்பையில் கிடந்தன. அகலத்தில் ரெண்டு இன்ச் இருக்கும். போல்டருக்கு ஒன்றேகால் வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நறுக்கினேன். மூலைக்கு மூலை மடிக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. நுனியைக் கூராக்கி, உள்ளே விட்டு இழுத்தேன். ஓட்டையான பனியன் ஒன்றை எடுத்து விளிம்பைச் சீராக்கி வாயில் கொடுத்தேன். பெடலை மெதுவாக அழுத்தினேன்.

ஓடியது. முறுக்கவில்லை, பிதுங்கவில்லை. பட்டியை நான் தொடக்கூட இல்லை. அது தானாக வந்தது. வளைவு வரும்போது பனியனை மட்டும் கொஞ்சம் நேராக்கிக் கொடுத்தேன். ஒரு கழுத்து முழுதாக முடிந்தது. இழுத்தேன், விரிந்தது. விட்டேன், பழையபடி சுருங்கியது. இனி மெஷின் எங்கள் வீட்டை விட்டுப் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வருவதற்கும் லோடு ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. சித்தப்பா, சித்தி, ஆட்டோக்காரர். பனியன் என்னாச்சு என்று கேட்க அணித்தலைவர் அண்ணனும் மூன்று பையன்களும் வந்தார்கள். சித்தப்பா நேராக உள்ளே போய், முறுக்கிக் கிடந்த பனியன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“என்ன அண்ணி, பட்டியைக் கிராஸா வெட்டிருக்கீங்க? அகலவாக்குல வெட்டச் சொல்லித்தான பாப்பாகிட்ட சொன்னேன். இது வந்து என்ன சொல்லுச்சு?”

நான் அம்மாவைப் பார்த்தேன். கையில் இருந்த என் பனியனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, இரண்டு கையாலும் கழுத்தை இழுத்துப் பார்த்தாள். தரையில் கிடந்த நறுக்கல்களைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எப்படி வெட்ட வேண்டும் என்பது மட்டுமில்லை. பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். பனியனை நாலாக மடித்து, வாங்கிவந்த துணிப்பைக்குள் அடியில் வைத்தாள்.

“புள்ள மாத்திச் சொல்லிருச்சு தம்பி” என்றாள்.

நான் இல்லை என்று கத்தினேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்தது அம்மா. அணித்தலைவர் அண்ணன் சிரித்து, அடி கிராஸ் பாப்பா என்றார். பெயர் அங்கேயே வைத்தாகிவிட்டது. ஆலங்குடிக்குப் போக மெஷினைத் தூக்கி ஏற்ற அந்த மூன்று பையன்களும் உதவினார்கள். போல்டரைத் தனியாகக் கழற்றி சித்தப்பா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கபடிக்காரர்கள் பழைய பனியனோடு போய், முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்றார்கள்.

இப்போது நான் திருக்கோகர்ணத்தில் ஒரு தையல் யூனிட்டில் பிளாட்லாக் ஓட்டுகிறேன். போல்டர் போடுவதில் என் லைனில் எனக்கு மேல் ஆள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜாக்கெட் கடையில் இருந்து வந்த எங்கள் நாலு பேரை நிறுத்தி சூப்பர்வைசர் அக்கா சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “ஒங்க கிராஸ் வேற, எங்க கிராஸ் வேற. நாங்க கிராஸுன்னா துணிக்குக் குறுக்க, அகலவாக்குல. மூலையில மடிச்சீங்க, முறுக்கிக்கும்.” இதை எல்லா யூனிட்டிலும் முதல் நாளே சொல்வார்களாம். ஜாக்கெட்காரிகள் எல்லோரும் செய்கிற ஒரே தப்பு இது. சித்தப்பா ஒன்பது வருஷம் இந்த ஜாக்கெட்காரிகளுக்குத்தான் வேலை பழக்கினார். நான் மூலைக்கு மூலை என்று சொன்னபோது அவர் ஏன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய்க் கேட்டேன். நீயும்தானே போனில் கேட்டாய், ஏன் என் மேல் போட்டாய் என்றேன். அவள் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அப்பாவுக்கு விசா ஒஞ் சித்தப்பாவோட மச்சான்தான எடுக்குறதா இருந்துச்சு. அவரப் பொய்யின்னு சொல்லிட்டு நான் எங்கிட்டுப் போறது? நீ சின்னப்புள்ள. ஒன்னச் சொன்னா என்னா ஆயிரப் போகுது?”

அப்பா அந்தச் சித்திரையில் குவைத் போனார். சித்தப்பாதான் ஏர்போர்ட் வரை வந்து ஏற்றிவிட்டார். நான் வண்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டு போனேன். அந்தப் பயணத்துக்கு விலை மெஷின்தான், அதோடு என் பெயரும் சேர்ந்து போயிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்மாவிடம் இனிக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. அவள் சொல்லிவிட்டாள். சொல்லாதவர் ஒருவர்தான். சித்தப்பா, வருகிற ஆவணியில் உங்கள் புது வீடு பால் காய்ச்சுகிறீர்கள். சொந்தம் எல்லாம் வரும். மொய் எழுதுகிற இடத்தில் மைக் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு சொல்லுங்கள்: மூலைக்கு மூலையா என்று நான் கேட்டேனா, இல்லையா? அதேதான் என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.