கணக்கில் மட்டும் இருந்தவள்

போர்ட் பிரீ என்ற உருக்காலை நகரில் உள்ள பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் பொறுப்பு ரேலீன் ட்ரெனோர்டனுடையது. அதற்கு முன் பல ஆண்டுகள், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆண்களுக்குப் பண்ணை பண்ணையாகப் போய்ச் சமைத்தவள். அவர்களுடைய வசவுகளைக் கேட்டுப் பழகிய காது. திருப்பிக் கொடுக்கவும் தெரிந்த வாய்.

ஐம்பத்திரண்டாம் வயதில், காப்பகமே செலவு செய்து அவளைக் குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்கு அனுப்பியது. அவள் தேறியபோது மேலாளர் பிலிப்பா கேக் வெட்டினாள். ரேலீன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அடுப்புக்கு எதிரே மாட்டினாள். மதித்துத்தான் படிக்க வைத்தார்கள் என்று நம்பினாள்.

காரணம் பிறகு தெரிந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் நால்வருக்கு ஒரு பணியாளர் என்பது சட்டம். அந்தப் பணியாளர் குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கைக்குழந்தைகள் அறையில் எட்டுப் பேர். பார்த்துக்கொள்ள மார்னி என்ற சின்னப் பெண் ஒருத்திதான். காகிதத்தில் இரண்டாவது ஆள், சான்றிதழ் பெற்ற ரேலீன். பூசணிக்காய் நறுக்கும்போதும் அவள் அந்த அறையில் இருப்பதாகக் கணக்கு. கேட்டபோதெல்லாம் பிலிப்பா, "ஆள் கிடைக்கல ரேலீன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மார்னி ஒரு குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், ஓட்டிஸ் என்ற பத்து மாதக் குழந்தை உடைந்த மெழுகு வண்ணக்குச்சியை விழுங்கப் பார்த்து மூச்சுத் திணறினான். மார்னியின் அலறல் கேட்டு ரேலீன் மாவுக் கையோடு ஓடினாள். அவனைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். துண்டு வெளியே விழுந்தது. அவன் வீறிட்டு அழுதான்.

பிலிப்பா வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை. நீங்கதான் இருந்தீங்களே! ஆள் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஓட்டிஸோட அப்பாகிட்டயும் அதையே சொல்லிடறேன்."

ரேலீன் சமையலறைக்குத் திரும்பி, அடுப்புக்கு எதிரே தொங்கிய சான்றிதழை முறைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் சமையலறைக்குள் போகவே இல்லை. கைக்குழந்தைகள் அறையில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஓட்டிஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரே, அடுப்பே பத்த வைக்கலியே?" என்றாள் மார்னி.

"நான் எங்கடி சமையல்காரி? கணக்கைப் போய்ப் பாரு. நான் இங்கதான் இருக்கேன். வருஷக் கணக்கா இங்கதான் இருக்கேனாம்!"

பதினொன்றரைக்குப் பெரிய பிள்ளைகள் மேசையில் கிண்ணத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிலிப்பா ஓடி வந்தாள்.

"என்ன விளையாட்டு இது? பிள்ளைங்க பசியில கத்துதுங்க!"

"அப்ப நீ போய்ச் சமைம்மா."

"என்னையும் ரெண்டு வயசுப் பிள்ளைங்க அறையில கணக்குல வச்சிருக்கு. நான் எப்படி நகர்றது?"

"ஓஹோ! நீ ஆபீஸ்ல காபி குடிக்கிறப்ப மட்டும் நகரலாமோ?"

மார்னி சிரிப்பை அடக்கத் துணிமூட்டையில் முகத்தைப் புதைத்தாள்.

"எழுத்துல எச்சரிக்கை கொடுப்பேன், ரேலீன். வேலை போயிடும்."

"கொடு, தாராளமா. கைக்குழந்தைகளைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னு சொன்னதுக்காகத்தான் அனுப்பறேன்னு அதுலயே எழுது. ஊரே படிக்கட்டும்."

அன்று பிள்ளைகளுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டிதான். பிலிப்பாவே சுட்டாள்; பாதி கருகியிருந்தது.

மாலையில் உருக்காலை வேலை முடிந்து ஓட்டிஸின் அப்பா வந்தான். "இன்னிக்கு என்ன சாப்பிட்டான் என் பையன்?" என்று வழக்கம்போலக் கேட்டான்.

பிலிப்பா அலுவலக வாசலிலிருந்து தலையை ஆட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினாள். ரேலீன் அதைப் பார்த்தாள். குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

"கருகின ரொட்டி. ஏன்னு சொல்றேன், உட்காரு. நேத்து இவன் மூச்சு நின்னப்ப நான் எங்க இருந்தேன்னும் சொல்றேன்."

அவன் உட்கார்ந்தான். அடுத்த குழந்தையின் அம்மாவும் போகாமல் நின்றாள்.