பாதி விலைக்கு வந்த வெள்ளிக்காசு

என் மாமா வெள்ளியை முழு விலை கொடுத்து வாங்கியதே இல்லை. சிலர் சனிக்கிழமை கறி தின்னாமல் இருப்பதைப் போல, அதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார். அம்மாவின் தம்பி அவர். விக்கிரவாண்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்வது தொழில். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது, பைக்கை எடுத்துவிடுவார். ஒரு வாரம் விழுப்புரம், மறு வாரம் திண்டிவனம். இரண்டு ஊரிலும் பழைய காசு விற்கிற கடை, மூழ்கிப்போன அடகு நகை விற்கிற கடை, பழைய பித்தளைச் சாமான் கடை எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கடைக்காரருக்கு வெள்ளியைப் பற்றித் தெரியாது என்பது அதைவிட அத்துப்படி.

பைக்கில் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. அக்கா மகள்மேல் இருக்கிற பாசத்தால்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று என் அம்மா ஊரெல்லாம் பெருமையடித்தாள். பாசம் இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் விஷயம் வேறு. வளர்ந்த ஆள் ஒருவர் வந்து காசைப் புரட்டிப் பார்த்தால் கடைக்காரர் உஷாராகிவிடுவார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் ‘இந்த ராஜா காசு எவ்ளோங்க’ என்று கேட்டால், சிரித்துக்கொண்டே வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு மாமா நெருங்கி வருவார். சொன்ன வாக்கை மாற்றுவதற்குக் கடைக்காரருக்குக் கூச்சமாக இருக்கும்.

ராஜா தலை போட்ட பழைய ரூபாய்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலில் வந்தவை நல்ல வெள்ளி, பின்னால் வந்தவை பாதி வெள்ளி, கடைசியில் வந்தவற்றில் வெள்ளியே கிடையாது. விவரம் தெரியாத கடைகளில் மூன்றும் ஒரே டப்பாவில் ஒரே விலைக்குக் கிடக்கும். காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்ட வேண்டும். நல்ல வெள்ளி நின்று நீளமாக ஒலிக்கும். மற்றது உடனே அடங்கிவிடும். பதிமூன்றாம் வாய்ப்பாடு வராத எனக்கு இது வந்தது. மாமா என்னை மெச்சிக்கொள்வார். அந்த மெச்சலுக்காக நான் எந்தக் கடைக்காரரையும் பார்த்து அப்பாவியாகச் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் வீட்டுக்கு வெளியேதான். மாமா வீட்டுக்குள் சிரிப்புக்கு அதிகம் இடமில்லை. அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள் இருந்தது, மற்றது ஒரு மாதம். ஏழு வருடம் கழித்து மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். நான் சொல்லப்போகிற சமயத்தில் அவளுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. அத்தை அவளுக்குப் பேர் வைக்கவில்லை. குப்பை என்றுதான் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் எமன் வேண்டாத பிள்ளை என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குழந்தை தூங்கும்போது அத்தை அடிக்கொருதரம் அதன் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். நான் அது ஏதோ கொஞ்சல் என்று நினைத்து நானும் வைத்துப் பார்ப்பேன்.

குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளி ரூபாய் கட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. நகைக்கடையில் விற்கிற புதுக்காசு வேண்டாம், பழைய நல்ல வெள்ளி, அதுவும் சல்லிசான விலைக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில், பித்தளைச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் அது கிடைத்தது.

அந்தக் கடையில் என் சிரிப்புக்கு வேலையே இருக்கவில்லை. வெள்ளிக்காசு இருக்கிறதா என்று மாமா கேட்டதும், கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே ஆறு காசு. ஆறையும் தட்டினோம், ஆறும் பாடின. விலையைக் கேட்டால் வெள்ளி விலையில் பாதிகூட இல்லை. மாமா என் தோளை அழுத்தினார். எனக்கே வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பணத்தை எடுக்கப் போனபோது கடைக்காரர் கையமர்த்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“வூட்டுக்கா, உருக்கறதுக்கா?”

வீட்டுக்கு என்று சொன்னால் ஆசைப்பட்டு வாங்குகிறோம் என்று தெரிந்து விலையை ஏற்றிவிடுவார் என்பது மாமாவின் கணக்கு. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“உருக்கறதுக்குத்தாங்க. கொலுசு பண்ணப் போறோம்.”

கடைக்காரர் தலையாட்டிவிட்டு, காசுகளைக் கையால் தொடாமல் டப்பாவோடு கவிழ்த்துக் கொடுத்தார். வழியெல்லாம் மாமா பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். அத்தை அந்த ஆறு காசையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். இருப்பதில் பளிச்சென்று இருந்த, ராணி தலை போட்ட ஒன்றைத் திண்டிவனத்தில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து வளையம் வைத்து வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டினார்கள். குழந்தை காலை உதைக்கும்போது காசு வயிற்றின்மேல் புரளும். அதற்குச் சில்லென்று இருக்கும் போலிருக்கிறது, சிரிக்கும். அது சிரித்ததை நாங்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மூன்று வாரம் கழித்து, இன்னும் நாலு காசு தேறுமா என்று பார்க்க மாமா அதே கடைக்குப் போனார். நானும் போனேன். முழுப் பரீட்சை லீவு அது. கடைக்காரர் அடையாளம் தெரிந்துகொண்டு, கொலுசு நன்றாக வந்ததா என்று விசாரித்தார். மாமா பெருமை தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். உருக்கவெல்லாம் இல்லை, எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது, ஒன்று என் பெண் இடுப்பில் இருக்கிறது என்றார்.

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, வெளியே போய் நில் பாப்பா என்றார். நான் படியில் போய் நின்றேன். அங்கே நின்றாலும் எல்லாம் காதில் விழுந்தது.

“உருக்கறதுக்குன்னுதானே தம்பி சொன்னீங்க. அதெல்லாம் நெத்திக்காசு. சுடுகாட்டுல வேலை பாக்கறவரு கொண்டாந்து குடுக்கறது. நெருப்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான், அதான் உருக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துக்கினு இருக்கேன்.”

செத்தவர்களின் நெற்றியில் காசு வைத்து அனுப்புவது எனக்கும் தெரியும். சாவு வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக இப்போதைய ஒரு ரூபாய்தான் வைப்பார்கள். கொஞ்சம் நிலபுலன் உள்ள வீடுகளில் பெரியவர்கள் தங்களுக்கென்று ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து வைத்திருப்பார்கள். சிதையில் வைக்கும் முன் அந்தக் காசை எடுத்துச் சுடுகாட்டில் வேலை பார்ப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அது அவருடைய உரிமை. அதற்குமேல் அந்தக் காசு எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. யாருமே யோசிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாமா படியிறங்கி வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தார். பைக் எங்கள் ஊர்த் திருப்பத்தில் திரும்பவில்லை. நேரே திண்டிவனம் போனார். பெரிய நகைக்கடை ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த புது வெள்ளிக்காசை, போட்ட விலைக்கு, பில்லோடு வாங்கினார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆசாரியிடம் வளையம் வைத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

“அத்தைக்குத் தெரிஞ்சா செத்துருவா. நீதான் தூக்கி வெச்சிக்கினு இருப்ப, உன்ன சந்தேகப்பட மாட்டா. அத அவுத்துட்டு இத கட்டிடு பாப்பா.”

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. பெரிய ஆம்பிளை ஒருவர் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. சத்தியமாகச் செய்கிறேன் என்று சொன்னேன். அந்தக் குழந்தையின் உயிர் என் கையில்தான் இருக்கிறது என்று அன்று ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் இருந்த புதுக்காசைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அத்தை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, குளிக்க வைக்க வெந்நீர் விளாவப் பின்பக்கம் போனாள். நான் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிவிட்டேன். எண்ணெய்க் கையில் புதுக்காசு வழுக்கியது. முடிச்சு விழவில்லை. நிமிர்ந்தால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். பழைய காசு ஒரு கையிலும் புதுக்காசு ஒரு கையிலுமாக நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை, டப்பா, உருக்க என்று மாமா சொன்னது, சுடுகாடு, எல்லாம்.

அத்தை அழுது ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னிடமிருந்து பழைய காசை வாங்கினாள். தாழ்வாரத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு எனக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். மாமா பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் மோட்டார் ஏற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கிரீஸோடு ஓடிவந்தார்.

நாங்கள் வரும்போது குழந்தை குளித்து, பவுடர் போட்டு, அத்தை மடியில் கிடந்தது. இடுப்பில் புதுக்கயிறு கட்டியிருந்தது. அதில் அதே பழைய காசுதான் இருந்தது. மாமா பதறிப்போய்க் கையை நீட்டினார். அத்தை அவர் கையை விலக்கினாள்.

“எமன் கைக்குப் போயிட்டு வந்த காசு. அவன் வாங்க வேண்டியத வாங்கிக்கினான். மறுபடி வந்து கேக்க மாட்டான். இது இவகிட்டயே இருக்கட்டும்.”

மாமா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பெரிய பாரம் இறங்கியது. அத்தை சொன்னது நியாயமாகத்தான் பட்டது. குப்பை என்று பேர் வைத்து ஏமாற்ற முடிகிற எமனை, காசைக் காட்டி ஏமாற்ற முடியாதா என்ன. நான் வெகுநாள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு அப்புறம் ஒரு குறையும் வரவில்லை. முதல் பிறந்தநாளில் நல்ல பேராகவே வைத்தார்கள். இப்போது பத்தாவது படிக்கிறாள், வாய் காதுவரை நீளம். அதனால் என் நம்பிக்கை கெட்டிப்பட்டுப் போயிற்று.

ஆனால் அன்றைக்கு அத்தை இன்னொன்றும் கேட்டாள். மாமாவின் முகத்தைப் பார்க்காமல், காசை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

“இன்னாங்க, நம்ம ரெண்டு புள்ளைங்களுக்கும் நெத்தில வெச்சீங்களா?”

மாமா கொஞ்ச நேரம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வெச்சேன்” என்றார்.

“வெள்ளியா?”

“வெள்ளிதான். ராணி தலை.”

அத்தை தலையாட்டினாள். அப்புறம் அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைகளுக்கு நெற்றிக்காசு வைக்கிற வழக்கமே கிடையாது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், மேளமில்லாமல் பாடையில்லாமல் புதைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதை என் அம்மா எனக்குச் சொன்னபோது நானே ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருந்த அத்தை அந்த இரண்டையும் அனுப்பி வைக்க வாசல்வரைகூட வரவில்லை, வர விடவில்லை. ஆனாலும் ஊரில் எத்தனையோ சாவுக்குப் போனவள் அவள். பச்சைப் பிள்ளைக்குக் காசு கிடையாது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் மாமாவும் சொல்லியிருக்கிறார். அந்த டப்பாவுக்குள் கிடந்த ஆறில் ஒன்று தன் பிள்ளையின் நெற்றியில் இருந்துவிட்டு வந்ததாக இருக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதைத்தான் மூன்றாவது பிள்ளையின் இடுப்பிலிருந்து அவிழ்க்க விடவில்லை.

பத்து வயதில் இதில் ஒன்றும் எனக்கு எட்டவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ராணி தலை என்றால் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும், குழந்தை இடுப்பில் இருந்த அந்த ஒன்றைத் தவிர மாமாவிடமே வேறு இல்லை. அந்த மாதிரி இரண்டு காசை யாராவது சுடுகாட்டில் கொடுத்துவிட்டு வருவார்களா என்று மாமாமேல் எனக்கு ஒரே கோபமாக இருந்தது.