நெருப்பெரிச்சலிலிருந்து வேலம்பாளையம்: எட்டரை கிலோமீட்டர் பயம்

சைக்கிளில் வேலைக்குப் போகலாமா என்று கேட்டு போன மாதம் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரும் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வாடகையும் பெட்ரோலும் ஏறுகிற வேகத்துக்குக் கூலி ஏறவில்லை என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் லீவு நாளில் சுற்றிய ஊர்கள். இது வேலைக்குப் போன வழி. அழகான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் சைக்கிள் பயணங்களில் முதலாவது இதுதான், இதை எழுதாமல் மற்றவர்களுக்கு யோசனை சொல்வது சரியில்லை.

1993, ஆடி மாதம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். கம்பெனிக்குப் பக்கத்துக் காலனியிலேயே நானும் என் வீட்டுக்காரரும் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வாடகை 250 ரூபாய். மதுரைப் பக்கமிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்த காலம் அது. அறையின் சொந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அடுத்த மாதத்திலிருந்து 400 என்றார். முடியாது என்றால் காலி செய்யலாம், வேறு ஆட்கள் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். காலி செய்தோம். நெருப்பெரிச்சலில் 180 ரூபாய்க்கு ஓட்டு வீடு கிடைத்தது.

வீடு மாறியது, வேலை மாறவில்லை. அங்கிருந்து வேலம்பாளையத்துக்கு நேர் பஸ் கிடையாது. டவுனுக்குப் போய், இறங்கி, வேறு பஸ் ஏறித் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். போக வர நாலு பஸ்ஸுக்கு நாலு ரூபாய் ஆனது. அடுத்த மாதமே டிக்கெட் விலை ஏறி ஐந்தரை ஆனது. என் ஒரு ஷிப்ட் கூலி 28 ரூபாய்.

பக்கத்து வீட்டில் சரசக்கா இருந்தார். அதே கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டைலர், நாற்பது வயது. கணவர் சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார், சனிக்கிழமைதான் வருவார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். சைக்கிள் யோசனை அவருடையதுதான்.

“இந்தப் பஸ்ஸுக்குக் குடுக்கறதுல ஊட்டுக்கு ஒரு நேரத்துப் பருப்பு வாங்கலாம் அம்மிணி. ஆம்பளைங்க எல்லாம் சைக்கிளு முதிக்கறாங்கல்ல? நமக்குக் காலு இல்லையா?” என்றார்.

மணிக்கு ஒன்றரை ரூபாய் வாடகைச் சைக்கிளில், வற்றிக் கிடந்த குளத்து மண்ணில், நாலு ஞாயிற்றுக்கிழமை பழகினோம். அக்கா இரண்டாவது வாரமே ஓட்டிவிட்டார். எனக்கும் ஓட்ட வந்தது, ஆனால் இறங்க வரவில்லை. ஏதாவது ஒரு கல்லையோ மண்மேட்டையோ பார்த்து, அதன் பக்கமாகப் போய்க் காலை ஊன்றித்தான் நிற்பேன். அது சரியாகட்டும் என்று காத்திருக்காமல் ஆளுக்கொரு பழைய லேடீஸ் சைக்கிள் 450 ரூபாய்க்கு வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. “அந்த ரோட்ல ஆம்பளைங்களே தடுமாறுறாங்க” என்றார். சொன்னது உண்மைதான்.

முதல் நாள் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை கொட்டியிருந்தது. காலை 7.15க்குக் கிளம்பினோம். கம்பெனி கேட் 8.30க்கு அடைத்துவிடுவார்கள், பிறகு வந்தால் அரை ஷிப்ட் போய்விடும்.

முதல் இரண்டரை கிலோமீட்டர், போயம்பாளையம் வரை, குழி இருந்தாலும் வண்டி அதிகமில்லை. அக்கா முன்னால், நான் பின்னால். ஹேண்டில்பாரை நான் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. 7.32க்குப் பெருமாநல்லூர் ரோட்டில் ஏறினோம். அதுவரை அந்த ரோட்டை நான் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். சைக்கிள் சீட்டிலிருந்து பார்க்கும்போது அது வேறு ரோடு. நூல் மூட்டை ஏற்றிய லாரி தாண்டும்போது முதலில் சத்தம், பிறகு சூடு, பிறகு ஒரு காற்று வந்து நம்மை உள்ளே இழுக்கும். டிரைவர்கள் ஹாரனை நம் காதுக்குப் பக்கத்தில் வந்துதான் அடிப்பார்கள்.

சைக்கிளுக்கு என்று அந்த ரோட்டில் இருந்தது மண் ஓரம் ஒன்றுதான். தார் ரோட்டுக்கும் அதற்கும் ஒரு சாண் பள்ளம். பஸ் வந்தால் இறங்கிக்கொள்ள வேண்டும், போனதும் ஏறிக்கொள்ள வேண்டும். அந்த வாரம் அந்த ஓரமும் இல்லை. குழாய் பதிக்க யாரோ நீளமாகக் குழி தோண்டி, அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். இடுப்பளவு ஆழம். முழுக்க மழைத் தண்ணீர். ஒரு கயிறு கட்டவில்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை. குழிக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழ அகலத் தாரில் நாங்கள் போனோம்.

“பயமா இருக்குதுங்க்கா” என்று கத்தினேன்.

“நீ முன்னால போ கண்ணு. நா பொறகால வாரேன்” என்றார் அக்கா. வேகத்தைக் குறைத்து எனக்கு வழி விட்டார். நான் தாண்டி முன்னால் போனேன்.

நாலு நிமிடம் ஆகியிருக்காது. ஒரு பஸ் என் தோளை உரசுவது போலப் போனது. அது தாண்டும்போதே பின்னால் தகரம் உடைவது போல ஒரு சத்தமும், தண்ணீரில் கனமாக ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். குழியின் விளிம்பில் ஒரு சைக்கிள் சக்கரம் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவைக் காணவில்லை.

“ஸ்டெல்லா!”

என் பெயர்தான். இரண்டு முறை கேட்டது. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கத் தெரியாது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் இருநூறு அடிக்கு அது உண்மை. அதற்குப் பிறகு ஒரு மண்மேடு வந்தது, ஒரு கல்பாலம் வந்தது, ஒரு கடைப்படி வந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றையும் தாண்டினேன். அக்கா செத்திருந்தால் அதைப் பார்க்க வேண்டி வருமே என்ற பயம். நின்றால் பின்னால் வரும் லாரி என்னையும் சாய்த்துவிடும் என்ற பயம். கேட் அடைத்துவிடுவார்கள் என்ற நினைப்பும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு கிலோமீட்டர் போய், அங்கேரிபாளையம் பிரிவில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் முட்டி நின்றேன். மணி 7.47. வலது பக்கம் பார்த்தால் வந்த வழி, இடது பக்கம் கம்பெனிக்குப் போகும் வழி. ஒரு மூன்று நிமிடம் அங்கே நின்றிருப்பேன். பிறகு சைக்கிளைத் திருப்பினேன். ஏற மனம் வரவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

குழியருகே கூட்டம் கலைந்திருந்தது. அக்காவின் சைக்கிளை ஒரு டீக்கடைச் சுவரில் சாய்த்திருந்தார்கள், முன் சக்கரம் எட்டுப்போல நெளிந்திருந்தது. குழித் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு மிதந்தது.

“ஏனுங்க, இங்க விழுந்தவங்க...” என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

“வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க அம்மிணி. தலையில நல்ல அடி. கண்ணு தொறக்கலீங்க. நீங்க கூட வந்தவங்களா?”

“இல்லீங்க” என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் காது அடைத்துக்கொண்டது. “ஆமாங்க, நான்தானுங்க கூட வந்தேன்” என்றேன்.

அந்த அம்மா என்னையும் என் சைக்கிளையும் ஒரு முறை பார்த்தார். “சீக்கிரம் போங்க” என்றார்.

பெரியாஸ்பத்திரி டவுனுக்குத் தெற்கே, அங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். கையில் ஒரு ரூபாய்கூட இல்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதானே சைக்கிள் வாங்கியது! டீக்கடைப் படியில் கால் வைத்துச் சீட்டில் ஏறினேன். ரயில்வே பாலம் வரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கண்ணைத் திறக்கவில்லை என்ற ஒரு வார்த்தைதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னிடம்தான் கேட்கும்.

பாலம் ஏற்றம். பாதியில் மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டது. தாண்டாமல், என் வேகத்துக்கே, உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. இடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். முதுகு முழுக்கக் கூசியது. இறங்கலாம் என்றால் இறங்க வராது, ஓரத்தில் கைப்பிடிச் சுவர். ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். உச்சிக்குப் போனதும் லாரி மெல்ல என் பக்கத்தில் வந்தது. கிளீனர் வெளியே தலையை நீட்டினான்.

“பயப்படாத தாயி. பின்னால ரெண்டு பஸ்ஸு முட்டிக்கிட்டு வந்தானுவ, அதான் மறிச்சுக்கிட்டு வந்தோம். இனிமே எறக்கம்தான், பைய போ!”

தெற்கத்திப் பேச்சு. முகம் நினைவில்லை. அன்று அந்த ரோட்டில் எனக்காக யாரோ மெதுவாக வந்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இறக்கத்தில் இறங்கினேன், நொய்யல் பாலத்தைத் தாண்டினேன். 8.55க்கு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு சுவரில் உரசி நின்றேன். முழங்கையில் தோல் கிழிந்தது. வலி தெரியவில்லை.

அக்கா உயிரோடு இருந்தார். பெண்கள் வார்டு வராந்தாவில், பாயில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஏழு தையல். வலது மணிக்கட்டை அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சேறு காயாத சேலை. பஸ் காற்றில் முந்தானை செயினில் மாட்டி இழுத்துவிட்டதாம்.

என்னைப் பார்த்ததும், “சைக்கிளு என்னாச்சு?” என்றார்.

“டீக்கடையில இருக்குதுங்க்கா.”

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “நா கூப்புட்டேனே அம்மிணி. கேக்கலியா?” என்றார்.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காதுதான். அவரும் நம்பியிருப்பார்.

“கேட்டுதுங்க்கா. ரெண்டு தடவ கேட்டுது. பயந்துபோயிட்டனுங்க.”

அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து போனார். எதிர்ப்பாயில் ஒரு குழந்தை அழுதது, ஓய்ந்தது. வெகுநேரம் கழித்து, “எனக்குத் தண்ணி கொண்டா கண்ணு. வாயெல்லாம் சேறா இருக்குது” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. நாலு மாதம் ஓவர்லாக் மிஷினில் உட்கார முடியவில்லை. கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை கொடுத்தார்கள், கூலி பாதிதான். அதில் பஸ்ஸுக்குக் கொடுக்க வழியில்லை. அதனால் என் கேரியரில் உட்கார்ந்து வந்தார். முதலில் கேட்டது நான். அவர் யோசித்துவிட்டு, “எறங்கப் பழகு, வாரேன்” என்றார். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் வேலை விட்டு வந்து, வீட்டு வாசலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகினேன்.

நாலு மாதம், போக வரப் பதினேழு கிலோமீட்டர், பின்னால் இன்னொரு உயிர். தனியாகப் போனபோது இருந்ததைவிடப் பயம் இரண்டு மடங்கு. அந்தக் குழியருகே வரும்போது அக்கா ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அதை மூட இரண்டு மாதம் ஆனது. பங்குனிக்குள் எங்கள் வீட்டு வரிசையிலிருந்தே ஐந்து பெண்கள் சைக்கிள் வாங்கியிருந்தார்கள். எல்லோரும் பஸ் டிக்கெட்டைப் பார்த்து வாங்கியவர்கள்தான். தைரியத்தில் வாங்கியவர் ஒருவருமில்லை.

இனி, கேட்டவர்களுக்கு. இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது, ஓரத்தில் வெள்ளைக் கோடும் உண்டு. கோட்டுக்கு வெளியே கம்பெனி வேன்களை நிறுத்தியிருப்பார்கள். ஒடிசா, பீகார் பையன்கள் காலையில் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறார்கள், பாதிச் சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. போயம்பாளையத்திலிருந்து உள் வீதிகள் வழியாகப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர் சுற்று, ஆனால் பஸ் வராது. அதையே எடுங்கள். சேலையோ துப்பட்டாவோ இழுத்துச் செருகி, செயினுக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீருக்குள் சக்கரத்தை விடாதீர்கள். டவுனுக்குப் போக வேண்டி வந்தால் ரயில்வே பாலத்தில் ஓட்டாதீர்கள், தள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பயம் போய்விடுமா என்று ஒரு பெண் கேட்டிருந்தார். எனக்குப் போகவில்லை. இப்போதும் பின்னால் ஹாரன் கேட்டால் தோள் இறுகுகிறது. பயத்தோடுதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. எத்தனை மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். கேட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பதற்காகச் சொல்லவில்லை. வழியில் யாராவது விழுந்தால் நிற்பதற்கு உங்களிடம் நேரம் இருக்க வேண்டும்.