ரெண்டு கலர் கையும் வண்டி எலுமிச்சம்பழமும்

வெயில்ல காய்ஞ்ச தகரத்துக்குன்னு ஒரு வாசனை இருக்கு...

எண்ணூர் ரோட்டுல ஹார்பர் கேட்டு வரைக்கும் ட்ரெய்லருங்க வரிசையா நிக்கும். ஜன்னல் தகரத்துல ஈரத்துண்டை மடிச்சுப் போட்டு, அதுமேல வலது கையை வைப்பேன். கொஞ்ச நேரத்துல துண்டு அப்பளமாயிடும். வரிசை மட்டும் நகராது.

அப்போ நான் கல்யாண வயசு டிரைவர். இடது கை எங்கம்மா குடுத்த கலர். வலது கை எண்ணூர் ரோடு குடுத்த கலர்.

பக்கத்து வண்டி டிரைவர் காசிம், என் தோஸ்து. வெயிலுக்காகத் தங்கச்சியோட ஸ்கூல் சாக்ஸை நுனி வெட்டி வலது கைல மாட்டிகினு வருவான். அவனை அதிகமா ஓட்டினது நான்தான்.

"இன்னா நைனா, எந்த கிளாஸு படிக்கிற?"

எனக்கு நிச்சயம் நெருங்குச்சு. ரெண்டு கையும் ஒரே கலர்ல இருந்தே ஆவணும்னு முடிவு பண்ணிட்டேன். எலுமிச்சை தேய்ச்சா கருப்பு போயிடும்னு யாரோ சொன்னாங்க. கடைக்கு ஏன் போவணும்... திருஷ்டிக்குக் கட்டினது வண்டி முன்னாடியே தொங்குதே. சாமிகிட்ட சாரி சொல்லிட்டு அறுத்தேன். மிளகாயை விட்டுட்டேன், அந்தளவுக்கு அறிவு இருந்துச்சு. முழங்கைலருந்து விரல் வரைக்கும் நல்லா தேய்ச்சு, அதே ஜன்னல்ல கையைக் காயப்போட்டேன்.

மறுநாள் எரிச்சல். அப்புறம் வரிசையா கொப்புளம்.

திருவொற்றியூர்ல பொண்ணு வூடு. ஃபுல் ஹேண்ட் சட்டைக்குள்ள மறைச்சுகினு போனேன். காபி வாங்கக் கையை நீட்டினா விரல் தெரியாதா... பொண்ணோட அப்பா டம்ளரைக் குடுக்காம நின்னுட்டாரு.

"பையனுக்குத் தோல் வியாதி எதுனா கீதா? தெரிஞ்சப்புறம் தாம்பூலம் மாத்திக்கலாம்."

கல்யாணம் கை நழுவுதுன்னு புரிஞ்சுபோச்சு. மானம் போனா போவுதுன்னு எலுமிச்சம்பழக் கதையை சபை நடுவுல முழுசா சொன்னேன். உள்ளருந்து கல்யாணப் பொண்ணு செல்வியோட குரல் வந்துச்சு.

"வியாதி இல்லப்பா. கையை ஊறுகா போட்டுகினு வந்துகீறாரு. தாம்பூலத்தை மாத்துங்க."

புண்ணு ஆறினதும் காசிம்கிட்டப் போயி, அந்த ஜோடில மீதி இருந்த சாக்ஸை வாங்கிக்கினேன். "எந்த கிளாஸு?"ன்னான். "உன் கிளாஸ்தாண்டா"ன்னேன்.

இப்போ வண்டில ஏசி. வரிசை மட்டும் அதேதான். கண்ணாடி மூடியிருந்தாலும் வெயில் தோலைத் தொடும்னு டாக்டர் சொன்னதுலருந்து காலைல சன்ஸ்கிரீன், அதுமேல கைல மாட்டற ஸ்லீவ், மதியம் சாப்பிட்டதும் இன்னொரு பூச்சு. டீக்கடைல பசங்க "இன்னா மாமு, ஷூட்டிங்கா?"ன்றானுங்க. கேட்டுக்கட்டும். நான் விடறதா இல்ல.

காசிம் வண்டியை வித்துட்டு ஊர் மாறிட்டான். வரிசைல எட்டிப் பார்த்தா பக்கத்து ஜன்னலுங்க எல்லாம் மூடியே கிடக்கு. யாரை ஓட்டறது...

செல்வி மட்டும் மாறல. வெள்ளிக்கிழமை பூசைக்கு எலுமிச்சம்பழம் வாங்கினா இன்னிக்கும் என் கைல குடுக்க மாட்டா. அவளே வண்டி நிக்கற யார்டு வரைக்கும் வந்து, வண்டில கட்டிட்டு, நான் கிளம்பற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் போவா.