மணிக்கு முன்னால் ஒரு சிவப்புத் துணி

லலிதாபாய் டீச்சர் இறந்த செய்தி காலையில் எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: "இனி அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?" டீச்சர் இருந்திருந்தால் அந்தக் கேள்வியைப் பார்த்துக் கொதித்திருப்பார்.

கருங்கல் ஊர்ப் பக்கம் ஐந்து பள்ளிகளுக்கு அவர் ஒருவரே சிறப்பாசிரியர். கடைசி வரை ஒப்பந்த வேலைதான். எங்களிடம் செவ்வாய்க்கிழமை மட்டும் பஸ் பிடித்து வருவார். அன்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஒரே அறையில் கூட்டி வைப்போம். மற்ற நாட்களில் அவர்களுக்குக் கடைசி பெஞ்ச். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான், "டீச்சறே, உங்க பிள்ளைகள் ரெடி" என்றேன்.

"எனக்க பிள்ளையளா? பள்ளிக்கூடத்துக்க பிள்ளையளாக்கும். சாருக்குப் பாதிப் பிள்ளையளுக்கு மட்டுமா சம்பளம் தாறாவ?"

இரண்டாம் வகுப்பு அபிஷா மணிச் சத்தம் கேட்டால் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாள். ஒருநாள் டெம்போவுக்கு முன்னால் போய் நின்றாள். அன்று அவள் அம்மாவிடம், "வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்று சொன்னவன் நான்தான். மறுநாளே அந்த அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார். நல்லவேளை, அது செவ்வாய்க்கிழமை.

டீச்சர் தலைமையாசிரியரிடம் ஒரு மாதம் தவணை வாங்கினார். மதியம் எல்லாரையும் கூப்பிட்டார், சத்துணவு சமைக்கும் செல்லம்மா அக்கா உட்பட. "மீட்டிங்குக்குச் சமையல்காரியுமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: "மணி அடிக்கும்போ அவ ஓடாம நின்னத ஆராவது பாத்தியளா?"

படித்த நாங்கள் அவள் ஓடிய கதைகளையே சொன்னோம். செல்லம்மா அக்காதான் சொன்னார்: "சோத்து மணிக்கு ஓட மாட்டா டீச்சறே. அதுக்கு முந்தியே எங்கிட்ட வந்து நிப்பா. 'மக்கா, இப்ப அடிக்கப் போறாவ'ன்னு சொல்லுவேன். அவளே காதப் பொத்திக்கிடுவா."

அதன் பிறகு மணி அடிக்குமுன் வராந்தாவில் சிவப்புத் துணியைக் காட்டினோம். பக்கத்துப் பிள்ளை அவளைத் தொட்டுச் சொல்லும். வாசலில் ஒரு ஆசிரியர் நிற்பார். முதல் வாரம் இரண்டு முறை துணியை மறந்தோம். இரண்டு முறையும் ஓடினாள். "பிள்ளை படிச்சாச்சு. சாரன்மாருதான் இன்னும் படிக்கல்ல" என்றார் டீச்சர்.

மாதம் முடிவதற்குள் ஓட்டம் நின்றது. இன்னொன்றும் நடந்தது. காது கேளாத நிஷாந்த், துணியைப் பார்த்துவிட்டு இடைவேளை முடிந்ததும் முதல் ஆளாக வகுப்புக்கு வந்தான். அதுவரை தாமதமாக வருகிறான் என்று அவனைத் தினமும் வெளியே நிறுத்தியிருந்தோம். காது கேட்காதவனை, மணி கேட்டு வரவில்லை என்று! அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

டீச்சரின் இறுதிச் சடங்குக்கு மறுநாள் அபிஷாவின் அம்மா மறுபடி வாசலில் நின்றார். "டீச்சரு போயாச்சு. இனியும் இவள இங்க வச்சுக்கிடுவியளா சாரே?"

நான் வாய் திறப்பதற்குள் செல்லம்மா அக்கா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்: "ஏட்டி, டீச்சரு செவ்வாய்க்கிழமதானே வருவாவ? மத்த நாளெல்லாம் ஆரு பாத்தா?"

அபிஷா பையோடு உள்ளே போய்விட்டாள். குழுவில் கேட்டவருக்கு அக்காவின் பதிலையே அனுப்பினேன்.

இதைக் காட்டி அந்தப் பணியிடத்தைக் காலியாகவே போட்டுவிடலாம் என்று அதிகாரிகள் நினைக்க வேண்டாம். ஆள் வேண்டும், ஐந்து பள்ளிக்கு ஒருவர் போதாது.

டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த மதியம் அவர் கேட்ட கேள்வி. நேற்று என் வகுப்பில் ஒருவன் எழுத மாட்டேன் என்று நோட்டை வீசினான். அவன் வீசாத நேரம் எது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் கேட்டது செல்லம்மா அக்காவிடம்.