பார்படோஸில் சொல்ல வேண்டிய பதில்

சாணார்பட்டியில் பகல் பதினொரு மணிக்குக் கார் ஏறினேன். மதுரை விமான நிலையத்துக்கு வாடகை இரண்டாயிரத்து ஐநூறு. அங்கிருந்து சென்னை, பிறகு லண்டன். லண்டனிலிருந்து ஒன்பது மணி நேரம் கடலுக்கு மேலேயே பறந்தால் பார்படோஸ் தீவு.

நான் ஐந்தாவது வரை படித்தவள். புது ஆட்களிடம் பேச்சு வராது. அதனால் மகன் ஜெயராஜ் டிக்கெட் போடும்போதே எனக்குச் சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிட்டான். ஆங்கிலம் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் செய்கிற ஏற்பாடு இது. நாற்காலியைத் தள்ளுகிறவரே வழியும் காட்டி, கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்லிவிடுவார். களத்துமேட்டில் நாலு மூட்டை தூக்குகிற நான், வெட்கத்தில் தலையைக் குனிந்தபடி லண்டனைக் கடந்தேன். அந்த ஊரில் நான் பார்த்தது என் செருப்பைத்தான்.

சுற்றிப் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஒரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஜெயராஜ் கெமிஸ்ட்ரி படித்து, இங்கே சர்க்கரை ஆலையில் இருந்து, அங்கே ரம் ஆலைக்குப் போனவன். அவன் அப்பா குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு இறந்தார். அன்று இவனுக்குப் பதினான்கு வயது. சாராயத்தை வாயில் வைக்க மாட்டேன் என்று சவப்பெட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். இருபது வருடமாகக் காப்பாற்றியும் வருகிறான். ஆலையில் மோந்து பார்த்தே ரம்மின் தரத்தைச் சொல்வானாம். இப்போது ஆலையில் அவனுக்கு மேலே இருக்கிற பெரியவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை இவனுக்கே கொடுக்க நினைக்கிறார். அங்கே உட்காருகிறவர் ருசி பார்க்காமல் முடியாது.

“நீ மாட்டேன்னா நான் வேணாம்னு சொல்லிருவேன்மா. ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லு” என்று போனில் கேட்டிருந்தான்.

முதல் நாள் மேற்குக் கடற்கரைக்குப் போனோம். மஞ்சள் வேனில் ஆளுக்கு மூன்றரை டாலர். தீவுக்குள் எங்கே போனாலும் அதே கட்டணம். தீவின் நீளமே முப்பத்து நாலு கிலோமீட்டர்தான். திண்டுக்கல்லில் ஏறினால் நத்தம் வருவதற்குள் தீவு முடிந்துவிடும். வேனில் பாட்டுச் சத்தம் மட்டும் நம் ஊர் மினிபஸ்ஸையே தோற்கடித்தது.

கடல் அலையே இல்லாமல் நிறைந்த கண்மாய் போலக் கிடந்தது. நான் கரையிலேயே நின்றேன்.

“எறங்கும்மா.”

“சேலையோட எறங்குனா எல்லாரும் பாப்பாகடா.”

“இம்புட்டு பெரிய கடல விட்டுட்டு ஒன் சேலையவா பாக்கப் போறாங்க?”

முழங்கால் வரை இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. செத்த நேரம் என்று நினைத்தேன்; ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கிழக்குக் கரை. அங்கே கடல் வேறு குணம். வீடு உயரப் பாறைகள் தண்ணீருக்குள் தனித்தனியே நின்றன. அலை அவற்றை அறைந்துகொண்டே இருந்தது. குளிக்க யாரும் இறங்கவில்லை. அங்கேதான் அந்த ஊர்க் களியைச் சாப்பிட்டேன். மக்காச்சோள மாவில் வெண்டைக்காயைப் போட்டு, மரத் துடுப்பால் கிண்டுகிறார்கள். தொட்டுக்கொள்ள, குழம்பில் வெந்த பறக்கும் மீன். களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. கேப்பைக் களிக்கும் இப்படி வெண்டைக்காய் போட்டால் என்ன என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு ரம் கடைக்குக் கூப்பிட்டான். பச்சை வண்ணம் அடித்த சின்னப் பலகைக் கடை. நான் வாசலைத் தாண்டவில்லை. நம் ஊரில் சாராயக் கடை எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறவள் நான். கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, ஒரு தட்டில் வறுத்த மீனும் வைத்தார். உள்ளே ஆண்கள் டோமினோ கட்டையை மேசையில் ஓங்கி அறைந்து விளையாடினார்கள்.

“ஏலே, இவுக வீட்டுக்காரர் குடிப்பாரான்னு கேளு.”

“அதெல்லாம் எப்பிடிம்மா கேக்குறது?”

“கேளுடா.”

கேட்டான். அந்தம்மா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தே ஏதோ சொன்னார்.

“குடிச்சாராம்மா. அதான் கடைய இவுக நடத்துறாகளாம்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. குடி கெடுக்காத ஊர் எதுவும் இல்லை என்றால், நான் என்ன பதில் சொல்வது?

எட்டாம் நாள் ஆலை. வெல்லம் காய்ச்சுகிற வாசனை கேட்டிலேயே வந்தது. உள்ளே மரப் பீப்பாய்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. பெரியவர் நெட்டையான மனிதர். எனக்குக் கும்பிடு போட்டார், மகன் சொல்லிக்கொடுத்திருப்பான். வேலை நடப்பதைக் காட்டினார்கள். ஜெயராஜ் கிளாசை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, ஏதோ சொல்லி நோட்டில் எழுதினான். பெரியவர் அதே கிளாசில் ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, பக்கத்துப் பாத்திரத்தில் துப்பினார்.

“முழுங்கலையா?”

“முழுங்குனா மத்தியானத்துக்குள்ள விழுந்துருவாரும்மா. துப்புறதுதான் வேல.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு கட்டம். ஒன்று வாசனைக்கு, ஒன்று ருசிக்கு என்றான். வாசனைக் கட்டம் முழுக்க அவனுடைய பொடி எழுத்து. ருசிக் கட்டம் காலி. புரட்டப் புரட்ட எல்லாப் பக்கமும் அப்படியே. நோட்டை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

பத்தாம் நாள் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வந்து நின்றது. உட்காரும் முன் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

“அன்னைக்கு நீயா ஒங்கப்பா பெட்டி மேல கைய வைக்கல. அழுதுக்கிட்டு நின்ன ஒன் கையப் பிடிச்சு இழுத்து வச்சது நானு. சொல்லச் சொல்லி மெரட்டுனதும் நானு.”

“இப்ப எதுக்கும்மா அது?”

“பயத்துல செஞ்சேன். அந்தப் பயம் இப்பவும் போகல. ஆனா அது என் பயம்டா. சத்தியமும் என்னோடது. நான் வச்சுக்கிறேன். நீ ஒன் வேலையப் பாரு.” நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்: “துப்பிரணும்.”

“துப்பிருவேன்மா” என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

விமானம் மேலே எழும்பியதும் தீவு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது; ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அமைதி. சற்று நேரத்தில் குட்டிக் குட்டி பாட்டில்கள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். தலையைக் குனியாமல் அவர் முகத்தைப் பார்த்து, தண்ணீரைக் காட்டினேன்.